ஆற்றை மலையேற்றிய கலாவுக்கு

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணாவும் நலம்தானே? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? சுகுணாவுக்கு மாற்றல் வந்துவிட்டது, புது விலாசத்தை அவளே உனக்கு அனுப்புவாள். விசாரிப்பு இதோடு முடிந்தது. இனி சண்டை.

நேற்று ராத்திரி யாழினி போன் செய்தாள். அழவில்லை, உன் பெண் அவ்வளவு சீக்கிரம் அழுகிறவள் இல்லை. ஆனால் குரல் கம்மியிருந்தது. கல்லூரியில் புவியியல் எடுக்கிறேன் என்று சொன்னாளாம். அதற்கு நீ, "ஊர் பேரும் தலைநகரும் மனப்பாடம் பண்ண மூணு வருஷமா? எல்லாம்தான் கூகுள் மேப்பில் இருக்கே, இனிமே நீ போய் என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறே?" என்றாயாம்.

ஏண்டி, பரீட்சைப் பேப்பரில் ஆற்றையே மலையேற்றிய நீ இதைச் சொல்லலாமா? காந்திமதி டீச்சர் அன்றைக்கு வகுப்பில் உன்னைப் பார்த்துச் சொன்னதை யாழினியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் நீ மசியவில்லை என்றால் சொல்லிவிடுவேன்.

அவள் என்னிடம் என்ன கேட்டாள் தெரியுமா? சுவரில் மாட்டுகிற உலகப் படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கின்றனவே, பரப்பளவைக் கூட்டிக் கழித்தால் ஆப்பிரிக்காவுக்குள் 14 கிரீன்லாந்து அடங்குகிறதே, அப்படியென்றால் மேப் பொய் சொல்கிறதா அத்தை என்றாள். தானே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் 1569இல் அந்தப் படத்தை மாலுமிகளுக்காக வரைந்தார், அதில் ஒரு நேர்கோடு போட்டு அந்தத் திசைக்குக் காம்பஸை வைத்துக்கொண்டே போனால் கப்பல் போக வேண்டிய துறைமுகத்துக்குப் போய்ச் சேரும், அந்த வசதிக்காக அளவை விட்டுக்கொடுத்தார் என்று சொன்னேன். உருண்டையைத் தட்டையாக்கும்போது ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். "அப்போ யாருக்காக வரைஞ்சதுன்னு முதல்ல கேக்கணும்" என்றாள். இப்படி யோசிக்கிற பிள்ளையையா மனப்பாடத்துக்குப் போகிறாள் என்கிறாய்?

சரி, கூகுள் மேப்புக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவில் சாண்டி தீவு என்று ஒரு தீவு இருந்தது, 24 கிலோமீட்டர் நீளம். 1876இல் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல் அதைப் பார்த்ததாகச் சொல்ல, கடல் வரைபடத்தில் ஏறியது. பிறகு ஒரு படத்தைப் பார்த்து இன்னொரு படம், அதைப் பார்த்து மற்றொன்று என்று போய்க் கடைசியில் கூகுள் மேப் வரைக்கும் வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் 1970களிலேயே சந்தேகப்பட்டுத் தங்கள் படத்திலிருந்து எடுத்திருந்தார்கள். 2012 நவம்பரில் சதர்ன் சர்வேயர் என்ற ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் அந்த இடத்துக்கே போனது. தீவும் இல்லை, திட்டும் இல்லை. அளந்து பார்த்தால் 1,300 மீட்டருக்கும் மேல் ஆழம். உன் "எல்லாம்தான் இருக்கே"வில் இல்லாததும் இருந்தது, கலா.

தீவு விஷயம் சின்னது. உன்னை உட்கார வைத்துச் சொல்ல நினைப்பது வேறு. பூமியில் 71 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிற தரையில் எவ்வளவை நாம் ஒழுங்காக அளந்து வரைந்திருக்கிறோம் என்று நினைக்கிறாய்? 'சீபெட் 2030' என்ற உலகத் திட்டத்தை 2017இல் ஆரம்பித்தபோது கணக்கெடுத்தார்கள். வெறும் 6 சதவீதம். அதற்கப்புறம் பல நாட்டுக் கப்பல்களிடமிருந்தும் தகவல் சேர்த்து, 2025 நடுவில் 27 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. மீதி நான்கில் மூன்று பங்குக்கு இன்னும் யாரும் போய் அளக்கவில்லை.

அப்படியானால் போனில் பெரிதாக்கிப் பார்த்தால் கடலுக்குள் மலையும் பள்ளமும் நிழல்போலத் தெரிகிறதே, அது என்ன என்று நீ கேட்பாய். பெரும்பாலும் அது அனுமானம். ஆனால் அதுவும் அழகான அனுமானம். கடலுக்கு அடியில் ஒரு மலை இருந்தால் அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள தண்ணீரைக் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கும். 2,000 மீட்டர் உயர மலை என்றால் அதற்கு மேலே கடல் மட்டம் இரண்டு மீட்டர் அளவுக்கு மேடாக இருக்கும். அந்த மேடு பல கிலோமீட்டருக்குப் பரவியிருப்பதால் கப்பலில் போகிறவருக்குத் தெரியாது, செயற்கைக்கோள் ரேடாருக்குத் தெரியும். மேலே தண்ணீர் மேட்டை அளந்து கீழே மலை இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அதில் பெரிய மலைதான் தெரியும். சின்னக் குன்று, பள்ளத்தின் ஓரம், உடைப்பு இதெல்லாம் தப்பிவிடும். நேரே பார்த்துவிடலாம் என்றால் ஒளியும் ரேடார் அலையும் தண்ணீருக்குள் வெகு தூரம் போகாது. செவ்வாய்க் கிரகத்தின் தரையை நம் கடலடியைவிடத் துல்லியமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறோம். அங்கே மறைக்கத் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

கடலுக்குள் தூரம் போவது ஒலி. கடல்நீரில் அது ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகிறது. கப்பலின் அடியிலிருந்து ஒலி அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் நேரத்தை அளந்தால் ஆழம் வந்துவிடும். 4,000 மீட்டர் ஆழத்தில் போய்த் திரும்ப ஐந்து விநாடிக்கு மேல் ஆகும். இப்படி வரி வரியாக உழுதபடி போக வேண்டும். ஒரே கப்பலை விட்டால் மொத்தக் கடலையும் முடிக்க நூற்றாண்டுகள் ஆகும்.

இப்போது நான் உனக்கு ஒரு பெண்ணை அறிமுகம் செய்ய வேண்டும். இவரைப் பற்றி யாழினியிடம் போனில் சொன்னேன், அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை கேட்டேன்.

மேரி தார்ப். 1920இல் அமெரிக்காவில் மிச்சிகனில் பிறந்தார். அப்பா மண் ஆய்வு செய்து மண் வரைபடம் போடுகிறவர், வேலைக்காக ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்த குடும்பம். மேரி கல்லூரியில் படித்தது ஆங்கிலமும் இசையும். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, வகுப்பில் ஆள் இல்லாமல் புவியமைப்பியல் படிப்பைப் பெண்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்தக் கதவு வழியாக நுழைந்தார். பிறகு கணிதத்திலும் ஒரு பட்டம். 1948இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கடலை ஆராய்கிற இடம்தான், ஆனால் பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். புரூஸ் ஹீசன் என்ற சக ஆய்வாளர் கப்பலில் போய் எதிரொலி அளவுகளைக் கொண்டுவருவார், மேரி கரையில் மேசையில் உட்கார்ந்து வரைவார்.

1952இல் வட அட்லாண்டிக்கைக் குறுக்கே கடந்த கப்பல்களின் ஆழ எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு எண், ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் கடலடியின் பக்கவாட்டுத் தோற்றம் கிடைக்கும், மலையைக் கத்தியால் வெட்டி உள்ளே பார்க்கிற மாதிரி. அமெரிக்கக் கரையிலிருந்து அந்தப் பக்கத்துக் கரை வரைக்கும் அப்படி ஆறு தோற்றங்களை வரைந்து ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்தார். அட்லாண்டிக்கின் நடுவில் மலைத்தொடர் இருப்பது ஏற்கனவே தெரிந்த விஷயம். மேரியின் கண்ணில் பட்டது வேறு. அந்த மலைத்தொடரின் உச்சியிலேயே ஒரு ஆழமான வெட்டு, வி வடிவத்தில். மலைகளின் உருவம் ஒரு தோற்றத்துக்கும் அடுத்ததற்கும் மாறிக்கொண்டே போகிறது, வெட்டு மட்டும் மாறாமல் அங்கங்கே அதே இடத்தில் நிற்கிறது. பூமி அங்கே பிளந்துகொண்டிருக்கிறது என்றால்தான் அப்படி ஒரு வெட்டு வரும்.

ஹீசனிடம் காட்டினார். பொம்பளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார் அவர். கடலடி பிளக்கிறதென்றால் கண்டங்கள் விலகுகின்றன என்று அர்த்தம். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் வெகனர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி சொன்னதை அமெரிக்காவில் அப்போது நம்புகிறவர்கள் குறைவு, அதைப் பேசினாலே ஆய்வாளர் என்ற மதிப்புப் போய்விடும்.

மேரி சண்டை போடவில்லை. மறுபடியும் மேசைக்குப் போய்விட்டார். கலா, இந்த இடத்தில்தான் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பக்கத்து மேசையில் ஹோவர்ட் ஃபாஸ்டர் என்ற ஒருவர், காது கேளாதவர், ஓவியக் கல்லூரியில் படித்தவர், வேறொரு வேலையாக இன்னொரு படம் போட்டுக்கொண்டிருந்தார். கடலுக்கு அடியில் தொலைபேசிக் கேபிள் போடுகிறவர்களுக்கு எங்கெங்கே நிலநடுக்கம் வருகிறது என்று தெரிய வேண்டும், இல்லையென்றால் கேபிள் அறுந்துபோகும். அதற்காக ஆயிரக்கணக்கான நிலநடுக்க மையங்களை அவர் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு படத்தையும் ஒரே அளவுகோலில் வரைந்திருந்ததால் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்க முடிந்தது. பார்த்தால், நடுக்கடல் நிலநடுக்கப் புள்ளிகள் மேரியின் வெட்டுக்குள்ளேயே வரிசையாக விழுந்திருந்தன.

அதற்கப்புறம் ஹீசனும் மறுக்கவில்லை. நிலநடுக்கப் புள்ளி எங்கே போகிறதோ அங்கே வெட்டும் இருக்கும் என்று, எதிரொலி அளவே இல்லாத கடல்களிலும் ஊகித்துக்கொண்டு போனார்கள். உலகம் முழுக்கச் சுற்றி வரும் ஒரே மலைத்தொடர் வெளியே வந்தது. ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர். பூமியிலேயே நீளமான மலைத்தொடர், அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஜாக் கூஸ்தோ என்ற பிரெஞ்சுக் கடலாய்வாளர் நம்பாமல், பொய் என்று காட்டவே ஒரு சறுக்கு வண்டியில் கேமராவைக் கட்டிக் கடலடியில் இழுத்துப் போனார். படத்தில் வந்தது அந்த வெட்டுதான். 1959இல் நியூயார்க்கில் நடந்த கடலியல் மாநாட்டில் அவரே அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது பனிப்போர்க் காலம். துல்லியமான ஆழ எண்களை வெளியிடக் கூடாது என்று அமெரிக்கக் கடற்படை ரகசியமாக வைத்திருந்தது. எண் போட்ட படம் போட முடியாது. என்ன செய்வது? தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டு விமானத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி, மலைகளையும் சமவெளிகளையும் பேனாவால் வரைந்து காட்டினார் மேரி. 1957இல் வட அட்லாண்டிக் படம் அப்படித்தான் வந்தது. ரகசியம் காக்கச் சொன்னதால்தான், எண் புரியாத சாதாரண மனிதர்களும் கடலடியைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அந்தச் சட்டம் போட்டவர் இதை நினைத்தே பார்த்திருக்கமாட்டார்.

பிறகு ஹைன்ரிச் பேரான் என்ற ஆஸ்திரிய ஓவியரோடு சேர்ந்து 1977இல் மொத்த உலகக் கடலடியையும் ஒரே படமாக்கினார்கள். அந்த ஆண்டே ஒரு நீர்மூழ்கிப் பயணத்தில் ஹீசன் இறந்துபோனார். மேரி 2006 வரை இருந்தார்.

அந்தப் படத்தின் நகல் ஒன்று என் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறது. இதை எழுதும்போதே நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறேன். அட்லாண்டிக்கின் நடுவே வடக்கிலிருந்து தெற்காக அந்த மலைத்தொடர், ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் வளைகிற இடத்தில் தானும் வளைகிறது. வடக்கே ஐஸ்லாந்தில் அது தண்ணீரைவிட்டு மேலே ஏறிவிடுகிறது, அங்கே நிலத்திலேயே அந்தப் பிளவைப் பார்க்கலாம். நம் பக்கத்து இந்தியப் பெருங்கடலில் மலைத்தொடர் நடுவில் இரண்டாகக் கிளைபிரிந்து, ஒன்று ஆப்பிரிக்காவுக்குக் கீழேயும் மற்றது ஆஸ்திரேலியாவுக்குக் கீழேயும் போகிறது. அதற்குக் கிழக்கே 90 டிகிரித் தீர்க்கரேகையை ஒட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் வடக்குத் தெற்காக ஒரு மேடு, 5,000 கிலோமீட்டர். வங்காள விரிகுடா மட்டும் மழுமழுவென்று இருக்கிறது. இமயமலையை அரித்துக் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல், 3,000 கிலோமீட்டர் தூரத்துக்குக் கடலடியில் பரவிக் கிடக்கிறது. மலை கடலுக்குள் போயிருக்கிறது, கலா. நீ வரைந்த ஆறு திசை மாறிப் போனதுதான், ஆனால் ஆற்றையும் மலையையும் சேர்த்தது சரிதான்.

இதில் வேலை முடிந்துவிட்டது என்று யாரால் சொல்ல முடியும்? தரைகூடச் சும்மா இருப்பதில்லை. ஆஸ்திரேலியா வருஷத்துக்கு 7 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. 1994இல் வகுத்த ஆயத்தொலைவுகளை, அதாவது ஒவ்வொரு இடத்தையும் குறிக்கிற எண்களை, வைத்துக்கொண்டிருந்தால் ஜிபிஎஸ் காட்டும் இடமும் வரைபடம் காட்டும் இடமும் 2020க்குள் 1.8 மீட்டர் விலகிவிடும் என்று கண்டு, நாடு முழுவதற்கும் புதிதாக ஆயத்தொலைவுகளை வகுத்தார்கள்.

இனி விளையாட்டில்லை. 2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் குவாம் தீவுக்குத் தெற்கே முழு வேகத்தில் போய், தன்னிடமிருந்த வரைபடத்தில் இல்லாத ஒரு கடலடி மலையில் மோதியது. ஒரு மாலுமி இறந்தார், ஏராளமானவர்களுக்குக் காயம். அதற்குச் சில நாள் முன்னால்தான் சுனாமி. நீயும் நானும் அன்றைக்கு முழுக்கப் போனில் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததை மறந்திருக்கமாட்டாய். சுனாமி அலையின் வேகத்தைத் தீர்மானிப்பது கடலின் ஆழம். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர், ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து அலை உயரும். அலை எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு வரும், எந்த இடத்தில் அதிகமாக ஏறும் என்று கணக்கிட வேண்டுமானால் கடலடியின் மேடு பள்ளம் தெரிந்திருக்க வேண்டும். சுமத்ராவிலிருந்து இந்தியாவின் கிழக்குக் கரைக்கு வர அலைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம், கலா. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே இல்லை. இதையெல்லாம் படித்தவர்கள் உட்கார்ந்து அந்த இரண்டு மணி நேரத்தைப் பயன்படுத்தியிருந்தால் எத்தனை பேர் மேட்டுக்கு ஏறியிருப்பார்கள்.

உன் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. படித்து முடித்து வேலை கிடைக்குமா என்பதுதான் உன் பயம், மனப்பாடமும் கூகுள் மேப்பும் சாக்கு. அதற்கும் நேராகவே பதில் சொல்கிறேன். கண்டம் விட்டுக் கண்டம் போகிற இணையத் தகவலில் 95 சதவீதத்துக்கும் மேல் கடலடிக் கேபிள் வழியாகத்தான் போகிறது. ஒவ்வொரு கேபிளுக்கும் யாராவது வழியை அளந்து கொடுக்க வேண்டும். துறைமுகத்துக்கு ஆழம் பார்க்க ஆள் வேண்டும், கடல் காற்றாலைக்கு வேண்டும். கரையில் என்றால் வெள்ளம் எங்கே தேங்கும், பஸ் எந்த வழியில் விடலாம், நிலத்தடி நீர் எங்கே இறங்குகிறது என்று சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் படத்தைப் படித்துச் சொல்லவும், ஜிஐஎஸ் என்கிற, வரைபடத் தகவலைக் கணினியில் கையாளும் மென்பொருளில் வேலை செய்யவும் தெரிந்தவர்களைப் பல துறைகளில் கூப்பிடுகிறார்கள். ஆனால் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றால் கஷ்டம்தான், அதை மறைக்கவில்லை. புள்ளியியலும் கொஞ்சம் கணினி நிரல் எழுதுவதும் கூடவே கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். உன்னைவிட அவளுக்குக் கணக்கு நன்றாக வரும், அண்ணாவின் மூளை. அதனால் எனக்குப் பயமில்லை.

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது என்றாள். நீ முதலில் அவளோடு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசு. வேலைக்கு என்ன செய்வாய் என்று கேள், வெட்டிப் பேச்சாக இல்லாமல் பதில் வருகிறதா பார். அப்புறம் என்னைத் திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். அவள் சம்மதித்தால் அடுத்த மாதம் இங்கே ஒரு வாரம் அனுப்பி வை, சுகுணாவின் பழைய அறை காலியாகத்தான் இருக்கிறது.

அத்தைக்குப் போட்டுக்கொள்ள அந்த முழங்கால் உறை அனுப்பியிருக்கிறேன். அளவு சரியா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
வாசுகி